வந்தவாசித் தொகுதியில் ஒரு விரல்

வந்தவாசி பாராளுமன்றத் தொகுதி என்று ஒன்று இருந்தது. இப்போது இல்லை. வரைபடத்தில் கோடுகளை மாற்றியபோது அது போய்விட்டது. யாரும் அழவில்லை. ஆரணிக்காரர்கள் நிச்சயமாக அழவில்லை. பட்டு நெய்கிற ஊரைக் கோரைப்பாய் நெய்கிற ஊரின் பெயரில் சேர்த்து வைத்திருந்தது அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே வயிற்றெரிச்சல். கல்யாணத்தில் பெண் உடுத்துவது நம்முடையது, வந்தவன் உட்காருவதற்கு விரிப்பது அவர்களுடையது, தொகுதிக்குப் பெயர் மட்டும் அவர்களுடையதா என்று டீக்கடையில் கேட்பார்கள். கேட்டுவிட்டு, தேர்தல் வந்தால் ஒழுங்காகப் போய் வரிசையில் நிற்பார்கள்.

அந்தத் தொகுதியின் வரலாற்றை யாராவது எழுதினால் ஜெயித்தவர் பெயர், தோற்றவர் பெயர், ஓட்டு வித்தியாசம் என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். சாயக்காரத் தெரு குப்புராஜ் அதில் வரமாட்டான். ஆனால் நான்கு தேர்தல்களில் அவனளவுக்கு அந்தத் தொகுதியோடு மல்லுக்கட்டியவன் வேறு யாரும் இல்லை. அவன் தேர்தலில் நிற்கவில்லை. ஓட்டுப் போடத்தான் பார்த்தான்.

குப்புராஜ் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவன். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. நான்கு அண்டா, இரண்டு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. கொதிக்கிற சாயத்தில் நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நூலில் நிறம் திட்டுத் திட்டாக விழும். என்னதான் கழியால் திருப்பினாலும் கடைசியில் கையை விட்டுத்தான் அலச வேண்டும், பிழிய வேண்டும். அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, அவன் கை முழங்கை வரைக்கும் ஒரு கருநீலமாகிவிட்டிருந்தது. நகம் அதைவிடக் கறுப்பு. அந்தக் கலரில் யாராவது புடவை கேட்டால் அவனால் போட்டுக் கொடுக்க முடியாது. அது கைக்கு மட்டும் தானாக வந்தது.

எழுபத்தொன்றாம் வருஷம் அவனுக்கு முதல் ஓட்டு. கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். பெயர் படித்தார்கள். இருந்தது. அடுத்த மேஜையில் இருந்தவர் அவன் இடது கையைப் பிடித்து ஆள்காட்டி விரலைப் பார்த்தார். தேர்தல் மை வைத்துக் காய்ந்தால் எந்த நிறம் வருமோ அச்சு அசலாக அந்த நிறத்தில் விரல் இருந்தது.

ஏற்கெனவே போட்டாகிவிட்டது, போ என்றார் அவர். குப்புராஜ் தான் சாயக்காரன் என்று சொல்லி, அத்தாட்சியாகப் பத்து விரலையும் விரித்துக் காட்டினான். அது தப்பாகப் போயிற்று. பத்து பூத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று வரிசையில் யாரோ சொன்னான். பள்ளிக்கூடமே சிரித்தது. அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. இடது ஆள்காட்டி விரலில் கறை இருந்தால் சீட்டுத் தரக்கூடாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மற்ற ஒன்பது விரலைப் பற்றிப் புத்தகத்தில் எதுவும் இல்லை. போலீஸ்காரர் அவனைத் தோளில் கை வைத்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

அன்று சாயங்காலமே அவனுக்குக் 'கள்ள ஓட்டு' என்று பெயர் வந்துவிட்டது. ஊரில் வேறு இரண்டு குப்புராஜ் இருந்தார்கள். அடையாளத்துக்கு ஒன்று தேவைப்பட்டது. ஒரு வருஷத்தில் அந்தப் பெயர் நன்றாக ஊறிவிட்டது. பட்டுக்கடை முதலாளிகள் நூலைக் கொடுத்தனுப்பும்போது கள்ள ஓட்டு வீட்டில் போடச் சொல் என்றே சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சாயக்கடைக்காரர் 'கள்ள ஓட்டு குப்புராஜ், சாயக்காரத் தெரு, ஆரணி' என்று விலாசம் எழுதிக் கார்டு போட்டார். மறுநாளே வந்து சேர்ந்தது. சொந்தப் பெயரில் வரும் தபால் நான்கு நாளாகும்.

மற்ற சாயக்காரர்கள் ஓட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. அன்றைக்கு இன்னொரு அண்டா ஏற்றலாம் என்று பட்டறையிலேயே இருந்துவிட்டார்கள். குப்புராஜால் முடியவில்லை. ஒரே ஒரு முறை தன் பெயரில் தன் கையால் ஓட்டுப் போட்டுவிட்டால் இந்தப் பெயர் போய்விடும் என்று அவன் நம்பினான். அப்படியெல்லாம் போகாது. ஆனால் அது அவனுக்குத் தெரியாது.

எழுபத்தேழில் அவன் யோசித்துத்தான் செய்தான். ஹைட்ரோஸ் என்று ஒரு பொடி உண்டு. தப்பாகப் பிடித்த சாயத்தை நூலிலிருந்து கழற்ற உதவும். ஓட்டுக்கு முந்தின நாள் அதைக் கரைத்து இடது ஆள்காட்டி விரலை மட்டும் முக்கினான். எரிச்சல் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பத்து விரலையும் விட அவனுக்குத் தைரியம் வரவில்லை. அதிகாரி பார்க்கப்போவது ஒரு விரலைத்தானே.

மறுநாள் பூத்தில் ஒன்பது கறுப்பு விரலுக்கு நடுவே ஒரு வெள்ளை விரலை நீட்டினான். வேகவைத்த வேர்க்கடலைபோல அது சுருங்கி இருந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"இந்த ஒரு விரலை மட்டும் எதுக்குய்யா கழுவினே?"

"ஓட்டுப் போடத்தான் சார்."

இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்த அதிகாரிக்கும் கிடைத்திருக்காது. போலீஸ்காரர் எழுபத்தொன்றில் வந்தவரே. இந்தத் தடவை அவர் தோளில் கை வைக்கவில்லை, வாங்க என்று மட்டும் சொன்னார். அந்த மரியாதைதான் குப்புராஜை அதிகமாகக் கடித்தது.

இந்த இரண்டாவது கூத்தை உள்ளே கட்சி ஏஜெண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன் சக்கரவர்த்தி. குப்புராஜின் மனைவி அபிதகுசாம்பாளுக்கு உடன்பிறந்த தம்பி. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவன். கையில் ஒரு கறை கிடையாது. ஒரு கட்சிக்கு வார்டு செயலாளர். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. கூட்டணி மாறுகிற வேகத்தில் அவனுக்கே இரண்டு முறை கோஷம் தப்பியிருக்கிறது. மாமன் வெளியே போன பிறகு அந்த விரல் கதையை அவன் கடையில், டீக்கடையில், ஒரு காதுகுத்தில், ஒரு கருமாதியில் சொன்னான்.

குப்புராஜ் தாலுகா ஆபீஸ் வாசலில் இருந்த மனு எழுதுகிறவரிடம் போனான். சாயத் தொழிலாளிக்கு விரல் கறுத்திருப்பது தொழில், குற்றம் இல்லை என்று எழுதி வாங்கித் தாசில்தாருக்குக் கொடுத்தான். மனு வேலூர்க் கலெக்டர் ஆபீசுக்குப் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்தான். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்று மச்சான் காதில் விழும்படி சொன்னான்.

எண்பதாம் வருஷம் ஜனவரியில் மறுபடியும் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. தை மாதக் கல்யாணங்களுக்கு நூல் வந்து குவிகிற நேரம். குப்புராஜ் ஒரு முடிவு செய்தான். அவன் செய்ததிலேயே அதுதான் நேர்மையானது, அதுதான் அதிகம் வினையானது. பன்னிரண்டு நாள் சாயத்தில் கை வைக்காமல் இருந்தால் கை தானாக வெளுக்கும். பட்டறையில் இருந்தால் நடக்காது. ஒரு முதலாளி வந்து நின்றால் கை தானாக அண்டாவுக்குள் போய்விடும். அதனால் ஊரைவிட்டே போனான். படவேட்டில் அவன் அக்காள் பாஞ்சாலை இருந்தாள். நெல் அறுப்புக்கு ஆள் இல்லையாம், போய்விட்டுப் பொங்கலுக்கு வருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னான். மனைவியிடமும் அதைத்தான் சொன்னான். கடைசியாக ஏற்றிய அண்டாவில் பாதி அரக்குச் சாயம் அப்படியே கிடந்தது. அதைக் கொட்டக்கூட நேரமில்லை.

படவேட்டில் அவன் நெல் அறுத்தான். அறுக்காத நேரத்தில் புளி, சாம்பல், எலுமிச்சம்பழம், புளித்த மோர் என்று பாஞ்சாலை கொடுத்ததையெல்லாம் கையில் தேய்த்தான். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டினான். பத்தாவது நாள் கை பழுப்பாக, பச்சைக் குழந்தையினுடையதுபோல வெளிவந்தது. சோறு பிசையும்போது வேறு யாரோ தன் தட்டில் கை வைத்த மாதிரி அவன் திடுக்கிட்டான்.

இதற்கிடையில் அந்த மனு ஒருவழியாக எங்கோ கரை சேர்ந்திருந்தது. சாயத் தொழிலாளியை விரலைப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டாம், பூத் ஏஜெண்டுகள் ஆளை அடையாளம் சொன்னால் சீட்டுக் கொடுக்கலாம் என்று அந்தத் தேர்தலுக்கு வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். பூத் அதிகாரிகளுக்குச் சொன்னார்கள், ஏஜெண்டுகளுக்குச் சொன்னார்கள். மனுக் கொடுத்தவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சக்கரவர்த்திக்குத் தெரிந்தது. மாமன் படவேட்டில் இருக்கிறார், பொங்கலுக்குத்தான் வருவார் என்பதும் தெரியும். ஒரு ஓட்டு வீணாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவன் படித்த அரசியல் இடம் கொடுக்கவில்லை. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற தருமன் என்பவனை ஓட்டு நாள் காலையில் அழைத்துவந்து, அக்காள் அபிதகுசாம்பாள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பட்டறைக்குள் விட்டு, கிடந்த அரக்குச் சாயத்தில் இரண்டு கையையும் முக்கச் சொன்னான். தருமன் முக்கினான். தவிட்டு வெள்ளையாக இருந்த கை, காய்ந்ததும் கறுத்துச் சாயக்காரன் கையாகிவிட்டது. எட்டு மணிக்கு அவன் வரிசையில் வந்து குப்புராஜ் என்று சொன்னான். ஏஜெண்டு சக்கரவர்த்தி எழுந்து நின்று, எங்க மாமாதான் சார் என்று அடையாளம் சொன்னான். எதிர்க்கட்சி ஏஜெண்டு பலராமன் கையைப் பார்த்தார், கை கறுப்பாக இருந்தது, தலையாட்டினார். முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

படவேட்டிலிருந்து பஸ் என்றைக்கும் குறைவு. குப்புராஜ் இரண்டு பஸ் மாறி ஆரணியில் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். கையைச் சட்டைப் பையில் வைத்திருந்தான், வெயில் படாமல். பெண்கள் வரிசையில் அபிதகுசாம்பாள் நின்றிருந்தாள். பொங்கலுக்கு வரவேண்டியவன் இப்போதே வந்து நிற்பதை அவள் பார்த்தாள்.  கேட்க வேண்டியதை வீட்டுக்கு வைத்துக்கொண்டாள்.

உள்ளே போய்ப் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தான். ஒன்பது வருஷமாகக் காத்திருந்த கை.

பட்டியல் படிக்கிறவர் விரலால் வரியைத் தேடினார். "குப்புராஜ் காலைலயே போட்டாச்சே."

பூத்தின் தலைமை அதிகாரி தெள்ளார்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பையன்கள் சண்டை தீர்த்துப் பழகியவர். எழுந்து வந்தார். காலையில் வந்தது சாயக்காரர் குப்புராஜ், அவருக்குக் கை கறுப்பு, இரண்டு ஏஜெண்டும் ஒப்புக்கொண்டார்கள் என்றார். நீ யார் என்று கேட்டார்.

குப்புராஜ் ஏஜெண்டு பெஞ்சைப் பார்த்தான். சக்கரவர்த்தி பெஞ்சுக்கடியில் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தான். பென்சில் காதில் இருந்தது.

"அதோ எங்க மச்சான் குந்திகினு கீறான். அவனைக் கேளுங்க சார்," என்றான் குப்புராஜ்.

சக்கரவர்த்தி நிமிர வேண்டியதாயிற்று. பூத்தே அவனைப் பார்த்தது. அவன் மாமன் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த கையையே பார்த்தான். அதில் நல்ல வசதி இருந்தது.

"எங்க மாமாவுக்குக் கை கறுப்பா இருக்கும் சார்," என்றான்.

பொய் என்று அதில் ஒன்றும் இல்லை.  பன்னிரண்டு நாள் புளியும் சாம்பலும் குப்புராஜ் கண்முன்னால் போயின. பிறகு மெதுவாகத்தான் பேசினான். அவன் குரலை உயர்த்துகிறவன் இல்லை.

"கறுப்பா இருந்தா திருடன்றீங்க. ஒரு விரல் வெளுத்தா போர்ஜரின்றீங்க. எல்லாம் வெளுத்தா வேற ஆளுன்றீங்க. இன்னா கலர்ல வரணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க சார். நனைச்சிகினு வர்றேன்."

வாத்தியார் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். யாராவது சாட்சி உண்டா என்று கேட்டார். வரிசையிலிருந்து அபிதகுசாம்பாளை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவள் முதலில் புருஷனைப் பார்த்தாள், அப்புறம் தம்பியை, அப்புறம் மேஜைமேல் இருந்த கையை. கையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: படவேடு, நெல் அறுப்பு, காலையில் பட்டறைத் தரையில் சிந்திக் கிடந்த அரக்கு, எல்லாமே. யாரை முதலில் திட்டுவது என்பதுதான் விளங்கவில்லை.

"இவர் யாரும்மா?" என்றார் வாத்தியார்.

"மூஞ்சி எங்க வூட்டுக்காருதுதான் சார். கை யாருதுன்னு தெரியல."

"விளையாடாதம்மா. சரியாச் சொல்லு."

"கையத் தேச்சிகினு வந்துட்டாரு. காலைத் தேச்சிருக்க மாட்டாரு. குதிகாலைப் பாருங்க."

குப்புராஜ் செருப்பைக் கழற்றி வலது காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தான். சாயம் போடுகிறவன் காலில் அண்டாத் தண்ணீர் சிந்திக்கொண்டே இருக்கும். குதிகால் வெடிப்புகளுக்குள்ளே சாயம் வரிவரியாக இறங்கி இருந்தது. அரக்கு ஒரு வெடிப்பில், பச்சை ஒன்றில், கத்தரிப்பூ ஒன்றில். காலையில் தலையாட்டிவிட்டோமே என்று அதுவரைக்கும் ஒதுங்கி இருந்த பலராமன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவர் மூன்று தறி வைத்திருக்கிறவர்.

"இந்தப் பச்சை போன ஆவணிக்கு எனக்குப் போட்டது சார். எம் பொண்ணு கல்யாணத்துக்கு," என்றார். "ஆளு இவருதான்."

வாத்தியார் காலை எடுக்கச் சொன்னார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, காலையில் உன் பெயரில் போட்டது யார், அடையாளம் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும், நீ எழுதிக் கொடுத்தால் இப்போதே போலீசைக் கூப்பிடுகிறேன் என்றார். வாசலில் அதே போலீஸ்காரர் நின்றிருந்தார். ஒன்பது வருஷத்தில் அவருக்கும் நரைத்திருந்தது. கள்ள ஓட்டு என்கிற பெயர் ஒரு கையெழுத்தில் சக்கரவர்த்தி தலைக்கு மாறியிருக்கும். ஊர் முழுக்க, போலீஸ் கச்சேரி எழுத்தோடு, நிரந்தரமாக.

குப்புராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் சுவரில் தொங்கிய உயிரெழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியை விட்டுவிடு என்று சொல்லவில்லை, பிடித்துக் கொடு என்றும் சொல்லவில்லை.

"யாருன்னு தெரியாது சார். எனக்கு ஓட்டு குடுங்க, போதும்."

இதில் பெருந்தன்மை எதுவும் கிடையாது. அவன் அபிதகுசாம்பாள் கையால் சாப்பிட வேண்டும். அவள் அம்மா வீடும் அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

வாத்தியார் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். சீட்டின் பின்பக்கம் ஏதோ எழுதினார். ஒருவன் பெயரில் இன்னொருவன் போட்டுவிட்டுப் போயிருந்தால் பிறகு வருகிற சரியான ஆளுக்குக் கொடுக்கிற ஓட்டு இது, டெண்டர் ஓட்டு என்பார்கள், பெட்டியில் போடக்கூடாது, கவரில் வைப்பேன் என்று விளக்கினார்.

"எண்ணுவாங்களா சார்?"

"கோர்ட்டு கேட்டா எண்ணுவாங்க."

"அப்ப எண்ண மாட்டாங்க."

"எண்ண மாட்டாங்க. ஆனா எத்தனை இருக்குதுன்னு எழுதுவாங்க."

குப்புராஜ் மறைப்புக்குள் போய் முத்திரை குத்தினான். யாருக்கு என்று அவன் கடைசிவரைக்கும் சொன்னதில்லை. மச்சான் கட்சிக்கு இல்லை என்பது மட்டும் உறுதி. சீட்டை மடித்துக் கவரில் போட்டார்கள். விரலில் மை வைத்தார்கள். சுத்தமான பழுப்புத் தோலில் கறுப்பாக, நேராக, அழகாக விழுந்தது. அவன் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தெரு வழியாக நடந்தான்.

தருமன் கதை சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிட்டது. ரைஸ் மில்லில் வியர்வையோடு மூட்டை தூக்கினான். சாயம் கரைந்து எல்லாக் கோணியிலும் சிவப்பாகக் கை அடையாளம் விழுந்தது. மில்காரர் சத்தம் போட்டார். குப்புராஜே போய்ப் பார்த்தான். ஓட்டுக்காகச் சண்டை பிடிக்கப் போகிறான் என்று நாலு பேர் கூட வந்தார்கள். அவன் தருமன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சாயம் மணிக்கட்டில் கத்தியால் வெட்டியதுபோல ஒரே கோட்டில் நின்றிருந்தது. நகக்கண்ணில் ஏறவே இல்லை. இரண்டு கையும் ஒரே அழுத்தம். வேலை செய்கிறவனுக்கு வலது கை ஒரு படி கூட இருக்கும். உள்ளங்கையில் திட்டுத் திட்டாக வெள்ளை.

"ஆறின சாயத்துல முக்கினா இப்படித்தான் இருக்கும்," என்றான். "இத்தப் போயி என் கைன்னு நம்பினாங்களே."

ஓட்டுப் போனதைவிட அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பலராமனோடு ஒரு மாதம் பேசவில்லை.

மறுநாள் பட்டறையில் மலைபோல நூல் கிடந்தது. கொஞ்சம் ஏற்கெனவே வேறு பட்டறைக்குப் போய்விட்டது. குப்புராஜ் அடுப்பு மூட்டி வேலையில் இறங்கினான், இடது ஆள்காட்டி விரலை மட்டும் வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒன்பது விரலால் பிழிந்தான். மூன்று நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு மயில்கழுத்துச் சிட்டத்தில் திட்டு விழுந்தது. அபிதகுசாம்பாள் வந்து அதை எடுத்து அவன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். படவேட்டைப் பற்றிக் கேட்க வைத்திருந்ததையும் சேர்த்து அப்போதுதான் பேசினாள். தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டது. அவள் போனபிறகு அவன் விரலையும் உள்ளே விட்டான். மை எது சாயம் எது என்று அதன் பிறகு தெரியவில்லை.

ஓட்டு எண்ணி முடித்த பிறகு, தாலுகா ஆபீசில் காகிதங்களைக் கட்டி வைக்கிற ஒருவரைப் பிடித்து அந்தப் பூத்தின் கணக்குத்தாளைப் பார்த்துவிட்டு வந்தான். டெண்டர் ஓட்டு என்கிற இடத்தில் ஒன்று என்று இருந்தது. டீக்கடையில் அவன் அன்றைக்குப் பேசியதைப்போல முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. தொகுதியில் லட்சக்கணக்கான பேர் போட்டார்கள், உங்கள் ஓட்டு எது என்று ஒருத்தனாவது காட்ட முடியுமா, எல்லாம் கும்பலோடு கும்பலாகப் போய்விட்டது, என் ஓட்டு தனியாக, ஒன்று என்று, சர்க்கார் தாளில் இருக்கிறது என்றான்.  ஒருவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் ஜெயித்தவருக்குச் சேராத, தோற்றவருக்கும் சேராத ஓட்டை மொத்தத் தொகுதியிலும் நீதான் போட்டிருக்கிறாய் என்றார். 

எண்பத்து நான்கு டிசம்பரில் அடுத்த தேர்தல். மார்கழி, கல்யாணம் இல்லை, பட்டறையிலும் கூட்டம் இல்லை. குப்புராஜ் கையைத் தேய்க்கவில்லை, விரலை வெளுக்கவில்லை, எங்கேயும் போகவில்லை. முழங்கை வரைக்கும் கருநீலமான கையோடு, பட்டறை லுங்கியோடு, முதல் ஆளாகப் போய் நின்றான். உள்ளே புது அதிகாரி. தூக்கக் கலக்கத்தில் இருந்தார். பெயரைக் கேட்டார், சீட்டைக் கொடுத்தார். விரலை யாரும் பார்க்கவே இல்லை. ஏஜெண்டு பெஞ்சில் சக்கரவர்த்தி இருந்தான். எழுந்து, யாரும் கேட்காமலே, எங்க மாமா சார் என்றான். சரி உட்காரு என்றார் அதிகாரி. மை வைக்கிறவர் ஆள்காட்டி விரலில் ஒரு கோடு போட்டார். அது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. இன்னொரு கோடு போட்டார். அதுவும் தெரியவில்லை. பின்னால் வரிசை நின்றதால் விட்டுவிட்டார். குப்புராஜ் முத்திரை குத்தி, மடித்து, பெட்டிக்குள்ளே போட்டான். விழுகிற சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் நின்றான். காகிதம் காகிதத்தின் மேல் விழுந்தால் என்ன சத்தம் வரும்? வெளியே வந்துவிட்டான்.

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தவனைப் பார்த்து எல்லோருக்கும் முகம் மலர்ந்தது.

"இந்தத் தபா இன்னா சொல்லித் தொரத்தினாங்க?"

"போட்டுட்டேன்," என்றான் குப்புராஜ்.

விரலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தார். மை எங்கேயும் இல்லை. அப்போது டீ வாங்கிக்கொண்டு போகச் சக்கரவர்த்தி வந்தான். கேள்விப்பட்டதும் சொம்பைக் கீழே வைத்தான். அவன் குரலில் உண்மையான கோபம் இருந்தது.

"எங்க மாமா போட்டாருய்யா. நான் எதுக்கால குந்திகினு என் கண்ணால பார்த்தேன். நானே அடையாளம் சொன்னேன்."

கடையே உருண்டு சிரித்தது. நீ அடையாளம் சொன்னாயா, அப்படியானால் சரிதான் என்றார்கள். சக்கரவர்த்தி சாமி மேல் சத்தியம் செய்தான். சத்தியம் செய்யச் செய்யச் சிரிப்பு அதிகமாயிற்று. குப்புராஜ் அவன் தோளைத் தட்டி, உடு மச்சான் என்றான். பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தான். பெட்டிக்குள்ளே அவன் சீட்டு கும்பலோடு கும்பலாக, எது என்று யாராலும் காட்ட முடியாதபடி கிடந்தது.

கடைக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"கள்ள ஓட்டுக்கு ஒரு டீ. சக்கரை கம்மி."